கொடுத்ததற்கு மேல் ஒரு வார்த்தை

கலங்கரை விளக்கத்தைக் காவல் காத்த ஒரு மனிதனால்தான் எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. அவன் நிஜ மனிதன்கூட இல்லை. ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சிப் புத்தகத்தில், ஒரு வாசிப்புப் பத்தியில் வருகிறவன். பதினோரு வருஷம் ஒரு தீவில் தனியாக இருந்தான், விளக்கை ஏற்றினான், அணைத்தான், வாரம் ஒரு முறை தன் அக்காவுக்குக் கடிதம் எழுதினான். பத்தியில் அவ்வளவுதான். கீழே ஒரு வாக்கியம்: ‘தனிமை அவனுக்கு வருத்தம் தந்தது.’ இது சரியா, தவறா, அல்லது பத்தியில் சொல்லப்படவே இல்லையா என்று குறிக்க வேண்டும்.

என் வகுப்பில் படித்த நர்ஸ் சிஸ்டர் ‘சரி’ என்று குறித்திருந்தார்.

“எந்த வரியில இருக்கு? விரலை வெச்சுக் காட்டுங்க” என்றேன்.

“வாரா வாரம் அக்காவுக்கு லெட்டர் போட்டிருக்கான் மிஸ்.”

“லெட்டர் போட்டான். வருத்தப்பட்டான்னு எங்க இருக்கு?”

“வருத்தமில்லாதவன் எதுக்கு வாரா வாரம் போடறான்? அதுவும் பதினோரு வருஷம்?”

“பத்தியில சொல்லலை சிஸ்டர். சொல்லலைன்னா ‘நாட் கிவன்’. அவ்ளோதான்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வலியே இல்லை என்று சாதிக்கும் நோயாளிகளை அவர் அப்படித்தான் பார்ப்பார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

“சொல்லலைன்னா இல்லைன்னு ஆயிடுமா மிஸ்?”

அன்றைக்கு ஆரம்பித்தது. ஐந்து மாதம் ஓடியது. அந்த ஐந்து மாதத்தில் நான் தலையில் அடித்துக்கொண்ட தடவைகளுக்குக் கணக்கில்லை.

நான் அப்போது பெங்களூர் ஈஜிபுராவில் ஒரு பயிற்சி மையத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே பேக்கரி, முதல் மாடியில் பல் டாக்டர், இரண்டாம் மாடியில் தையல் கடை, மூன்றாம் மாடியில் நாங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கும் நர்சுகள்தான் எங்களிடம் அதிகம் வருவார்கள். எனக்கு இருபத்தெட்டு வயது. பொறுமை பிறவியிலேயே குறைவு. வேலூரில் எம்.ஏ. முடித்து வந்த கர்வம் கொஞ்சம் கூடுதல். அவருக்கு நாற்பத்தொன்று. கோரமங்கலா பக்கம் ஒரு பெரிய மருத்துவமனையில் பதினெட்டு வருஷ சர்வீஸ். மையத்தில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். தன்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவளை அவர் ‘மிஸ்’ என்று கூப்பிட்டது முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே பழகிவிட்டது.

நைட் டியூட்டி முடிந்து நேராக வருவார். யூனிஃபார்மின் மேல் பழுப்பு நிற ஸ்வெட்டர், தோளில் துணிப்பை, அதற்குள் மருத்துவமனை கேன்டீனில் கட்டிக்கொண்ட சித்ரான்னம். மூன்று மாடி ஏறி வந்து முதல் வேலையாக ஜன்னலைத் திறப்பார். பிறகு வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவரையும் ஒரு பார்வை பார்ப்பார். வார்டுக்குள் நுழைந்ததும் எல்லாக் கட்டிலையும் ஒரு சுற்றுப் பார்க்கிற பழக்கம். அந்தப் பார்வை முடிந்ததும் ஏதாவது ஒன்று சொல்லாமல் உட்கார மாட்டார்.

எங்கள் மையத்தின் ஓனரை இரண்டு வாரம் அப்படிப் பார்த்துவிட்டு, “சார், நீங்க பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் தண்ணி குடிக்கிறீங்க. சுகர் டெஸ்ட் பண்ணிடுங்க” என்றார். மனிதர் சிரித்தார். அடுத்த வாரம் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்காமல் நின்றார். அதற்குப் பிறகு சிஸ்டர் மாடி ஏறி வரும் சத்தம் கேட்டாலே பாட்டிலை மேஜைக்கு அடியில் வைத்துவிடுவார்.

எல்லாமே சரியாகச் சொல்லிவிடுவார் என்று நினைக்க வேண்டாம். என் போன் எப்போதும் கவிழ்த்தே கிடப்பதைப் பார்த்து, “யாரோடயோ பேசாம இருக்கீங்க போல. அம்மாவா மிஸ்?” என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். போனைத் திருப்பிக் காட்டினேன். திரை குறுக்கே விரிசல் விட்டிருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று கவிழ்த்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

“பாத்தீங்களா? இதான் உங்க வியாதி. தெரியாததைத் தெரியாதுன்னு விட மாட்டீங்க. நீங்களா ஒரு கதை கட்டிடுவீங்க.”

“சரி, இது தப்பு” என்று ஒப்புக்கொண்டார். “தண்ணி கேன் போடறவருக்கு முதுகுவலின்னேனே, அது?”

அது சரிதான். எரிச்சலாக இருந்தது.

அவருக்கு வேண்டியது என்ன என்பதில் ஒளிவுமறைவே இல்லை. ஒரே வீடு வேண்டும். கணவருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. மகள் ஏழாம் வகுப்பு, மாமியாரிடம் வளர்கிறாள். சிஸ்டர் ஈஜிபுராவில் நான்கு நர்சுகளோடு ஒரு பி.ஜி. விடுதி அறையில். வார விடுமுறை எந்தக் கிழமையில் விழுகிறதோ அன்று ரயிலேறிப் போய், மகளுக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, இட்லிக்கு அரைத்து வைத்துவிட்டு, அடுத்த டியூட்டிக்குத் திரும்பிவிடுவார். ஆறு வருஷமாக இப்படி. கணவர் இங்கே வந்தால் அவர் வேலை போகும், இவர் அங்கே போனால் இவர் வேலை போகும். இந்த நிலைமையில்தான் அயர்லாந்தில் முதியோருக்கான ஒரு மருத்துவமனை இவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

“மூணு பேரும் ஒரே கதவைப் பூட்டிக்கிட்டுப் போகணும் மிஸ், ஒரே கதவைத் திறந்துக்கிட்டு வரணும். வேற ஒண்ணும் பெருசா ஆசையில்லை” என்பார்.

நிபந்தனை ஒன்றுதான். ஆகஸ்ட் முடிவதற்குள் அந்த ஆங்கிலத் தேர்வில் கேட்பது, பேசுவது, எழுதுவது, வாசிப்பது நான்கிலும் ஒன்பதுக்கு ஏழு மதிப்பெண். நான்கும் ஒரே தேர்வில் வர வேண்டும். இதில் ஏழு, அதில் ஏழு என்று பொறுக்கிச் சேர்த்துக் காட்ட அந்த மருத்துவமனை ஒத்துக்கொள்ளாது. எங்களிடம் வருவதற்கு முன் இரண்டு முறை எழுதியிருந்தார். இரண்டு முறையும் மற்ற மூன்றிலும் ஏழு, ஏழரை. வாசிப்பில் மட்டும் ஆறரை. அரை மதிப்பெண்ணில் ஒரு குடும்பம் நிற்கிறது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

அவர் மந்தமானவர் இல்லை. அதுதான் என்னை இன்னும் வெறுப்பேற்றியது. நான் சொல்லிக் கொடுத்த உத்தி எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார். முதலில் கேள்வியைப் படி, பிறகு பத்திக்குப் போ என்றேன், செய்தார். பெயர், எண், வருஷம் எல்லாவற்றையும் அடிக்கோடிடச் சொன்னேன். பி.பி. சார்ட்டில் எண்களைத் தேடித் தேடிப் பழகிய கண் அது, பக்கத்தைத் திருப்பிய கையோடு எடுத்துவிடும். தெரியாத சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்காதீர்கள், தாண்டிப் போங்கள் என்றேன், தாண்டினார். பத்தியில் உள்ள அதே சொற்களை அப்படியே தூக்கி வைத்திருக்கும் விடை பெரும்பாலும் பொறி என்றேன்; சிரித்துக்கொண்டே தவிர்த்தார். ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’, ‘மட்டுமே’ என்று அடித்துப் பேசும் வாக்கியங்களைச் சந்தேகப்படச் சொன்னேன், சந்தேகப்பட்டார். ஒரு மணி நேரத்தில் நாற்பது கேள்வி. அவர் ஐம்பது நிமிஷத்தில் முடித்துவிட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

‘நாட் கிவன்’ என்ற அந்த ஒன்றில் மட்டும் போய்க் கவிழ்வார். தேர்வுக்குத் தேர்வு ஐந்து, ஆறு கேள்வி அங்கேதான் போகும்.

இன்னொரு பத்தி. ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. முதலாளி தொழிலாளிப் பெண்களுக்குக் காலையில் பத்து நிமிஷம் ஓய்வு கொடுத்தார், உற்பத்தி கூடியது. வாக்கியம்: ‘முதலாளிக்குத் தொழிலாளர்கள் மேல் அக்கறை இருந்தது.’ பத்தியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சிஸ்டர் ‘தவறு’ என்று பேனா அழுந்தக் குறித்திருந்தார்.

“ஏன் சிஸ்டர்?”

“அக்கறையா? ஜாஸ்தி பிஸ்கட் வருதுன்னு குடுத்திருக்கான். எங்க வீட்டுக்காரர் கம்பெனியிலயும் இதே கதைதான். டீ டைம் அஞ்சு நிமிஷம் ஏத்துனாங்க, டார்கெட்டையும் ஏத்திட்டாங்க.”

“உங்க வீட்டுக்காரர் கம்பெனி பத்தியில இல்லை!”

“எல்லா கம்பெனியும் ஒண்ணுதானே மிஸ்.”

வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் அவர் சொன்னதைக் கேட்டு, சரியாக எழுதியிருந்த விடையை அடித்துவிட்டுத் தப்பான விடையை எழுதினார்கள். அவர் பேசினால் அப்படித்தான், நம்பத் தோன்றும். எனக்கே ஒரு கணம் அந்த முதலாளி மேல் கோபம் வந்தது.

ஒருநாள் வகுப்பு முடிந்து கீழே பேக்கரியில் டீ குடிக்கும்போது கேட்டேன். “இதை மட்டும் ஏன் சிஸ்டர் விடவே மாட்டேங்கறீங்க?”

அவர் பன்னை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னார். “போன மாசம் காலை டியூட்டி மிஸ். ஒரு பெரியவர், ஆபரேஷன் ஆகி ரெண்டாம் நாள். நோட்ஸ்ல ‘நன்றாகத் தூங்கினார்’னு எழுதியிருக்கு. பொய் இல்ல, தூங்கித்தான் இருக்காரு. ஆனா யூரின் எவ்ளோ போச்சுன்னு ஒண்ணும் எழுதலை. போய் வயித்துல கை வெச்சுப் பாத்தேன். கல்லு மாதிரி இருக்கு. உடனே டியூப் போட்டோம். எழுதினதை மட்டும் படிச்சிருந்தா அவரு என்ன ஆயிருப்பாரு? எங்க வேலையில எழுதாம விட்டதைத்தான் மிஸ் மொதல்ல படிக்கணும்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. “அது வார்டு, இது பேப்பர்” என்று சொல்லிவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

எழுத்துப் பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் அவருக்கு நான் கற்றுத்தர எதுவுமே இல்லை. கட்டுரை எழுதச் சொன்னால் மற்றவர்கள் ‘இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு’ என்று வழவழவென்று ஒரு பக்கம் ஓட்டுவார்கள். ‘மருத்துவமனையில் பார்வையாளர் நேரத்தைக் குறைக்க வேண்டுமா?’ என்று ஒரு தலைப்புக் கொடுத்தேன். சிஸ்டர், மனைவிக்குப் பிடிக்கும் என்று மசால் தோசையை ஹெல்மெட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த ஒரு ஆட்டோக்காரரைப் பற்றி எழுதினார். பத்து நாளாக ஒரு வாய் சாப்பிடாத அந்த அம்மா அன்றைக்கு அரை தோசை சாப்பிட்டாளாம். ஆகவே நேரத்தைக் குறைக்கக் கூடாது என்று முடித்திருந்தார். இலக்கணப் பிழை இரண்டு இருந்தது. ஆனால் நான் அதை மூன்று பேட்ச்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

அதனால் ஜூன் மாதம் ஒரு முடிவெடுத்தேன். “எழுத்து உங்களுக்குத் தானா வரும் சிஸ்டர். இனிமே அதுல ஒரு நிமிஷம்கூட வீணாக்க வேணாம். ரீடிங், ரீடிங், ரீடிங். தூங்கும்போதுகூட ரீடிங்.”

ஜூன் கடைசியில் ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். மறுபடி ஆறரை. ஏழு தப்பு ‘நாட் கிவன்’ கேள்விகளில். அந்தத் தாளை இரண்டு முறை திருத்திப் பார்த்தேன். எங்கள் ஓனர் வேறு எட்டிப் பார்த்து, “ஏன் மேடம், ஈ சல சிஸ்டர் பாஸ் ஆகுமா?” என்று பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகக் கேட்டுவிட்டுப் போனார். இந்த முறையும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

சிஸ்டர் வந்து உட்கார்ந்ததும் தாளை அவர் முன்னால் போட்டேன். வைக்கவில்லை, போட்டேன்.

“உங்களுக்குப் படிக்கத் தெரியலை சிஸ்டர். கதை கட்டத்தான் தெரியுது. பேப்பர்ல இருக்கறதைப் படிங்கன்னா, இல்லாததை எல்லாம் படிக்கறீங்க. இப்படியே போனா உங்க பொண்ணு காலேஜ் முடிச்சப்புறமும் நீங்க ஆம்பூர் ரயில்லதான் உக்காந்திருப்பீங்க.”

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தாளை எடுத்து நான்காக மடித்துத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான் சொன்னது உண்மைதானே என்று உள்ளுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒரு புது நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். முதல் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

“எனக்கு ஆர்டர் எழுதிக் குடுங்க மிஸ்.”

“என்ன ஆர்டர்?”

“டாக்டருங்க கேஸ் ஷீட்ல எழுதுவாங்கள்ல, அந்த மாதிரி. வாயால சொன்னா நான் எதுத்துப் பேசுவேன். டாக்டர்கிட்டயே பேசுவேன். ஆனா எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னா மாத்த மாட்டேன். பதினெட்டு வருஷத்துல ஒரு ஆர்டரை மாத்துனது கிடையாது. அவங்களே ‘நிறுத்து’ன்னு எழுதற வரைக்கும் அதான் நடக்கும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சுலபமா? பேனாவை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினேன்: ‘கொடுத்ததற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கக் கூடாது. சொந்த அனுபவம், ஊகம், இரக்கம், கோபம் எதுவும் தாளுக்குள் வரக் கூடாது.’ கீழே கையெழுத்து, தேதி. அவர் அதை இரண்டு முறை படித்தார். எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, ஆர்டருக்குப் பக்கத்தில் மணியை எழுதித் தன் கையெழுத்தையும் போட்டுக்கொண்டார்.

அந்த நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு கோடு கிழித்தார். இடது பக்கம் பத்தி சொன்னது. வலது பக்கம் தன் மனசு சொன்னது. ஒவ்வொரு கேள்விக்கும் மனசில் தோன்றுவதை வலது பக்கத்தில் எழுதி, உடனே அதன் மேல் ஒரு கோடு போட்டு அடித்துவிட வேண்டும். இந்த ஏற்பாடு அவரே செய்துகொண்டதுதான். ஆரம்பத்தில் வலது பக்கம் நிரம்பி வழிந்தது. ‘இவளுக்கு மாமியார் தொல்லை இருக்கும்.’ அடித்தல். ‘இந்த விஞ்ஞானி வீட்டுக்கே போயிருக்க மாட்டான்.’ அடித்தல். ‘இந்த ஊரில் பிள்ளைகள் சளியில் கஷ்டப்பட்டிருக்கும்.’ அடித்தல். வார்டு பேனா, நீல மை, நேர்க்கோடு. இரண்டு வாரத்தில் வலது பக்கம் பாதியானது. நான்காவது வாரம் ஒரு பக்கத்தைத் திருப்பினேன். வலது பக்கம் சுத்தமாகக் காலி. விடைகளைச் சரிபார்த்தேன். நாற்பதுக்கு முப்பத்து நான்கு; ஏழு வாங்க முப்பது போதும்.

நான் கத்திய கத்தலில் தையல் கடைக்காரர் மேலே ஓடி வந்தார். பேக்கரியிலிருந்து அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். சிஸ்டர் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, “ஆர்டரை ஃபாலோ பண்ணேன் மிஸ், அவ்ளோதான்” என்றார்.

அந்த நாட்களில் வேறு ஒன்றும் நடந்தது. அதை நான் அப்போதே கவனித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அவர் வகுப்புக்குள் வந்ததும் யாரையும் பார்ப்பதில்லை. நேராகத் தன் இடத்துக்குப் போய் நோட்டைத் திறப்பார். ஜூலை கடைசியில் ஒருநாள், ஊரில் இருக்கும் அப்பாவுடன் போனில் பெரிய சண்டை போட்டு, அழுது, முகம் கழுவாமலே வகுப்புக்கு வந்தேன். கண்ணாடி பார்க்கத் தேவையில்லை, கண் வீங்கியிருந்தது எனக்கே தெரிந்தது. சிஸ்டர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று பதிலைக்கூடத் தயார் செய்துகொண்டேன். அவர் குனிந்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்த நிமிஷமே, ஆஹா, கவனம் எப்படிக் கூடியிருக்கிறது பார் என்று சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டேன் என்று எழுதவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் தேர்வு எழுதினார். அடுத்த வாரம் முடிவு வந்தது. நான் வகுப்பில் இருந்தேன். போன் அடித்தது. வராந்தாவுக்கு ஓடினேன்.

“மிஸ், ரீடிங் வந்துருச்சு. ஏழரை.”

நான் கைப்பிடிச் சுவரைத் தட்டினேன். கீழே போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். “சொன்னேன்ல! சொன்னேன்ல சிஸ்டர்! கிளம்புங்க, பெட்டியைக் கட்டுங்க! வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“லிசனிங் ஏழரை. ஸ்பீக்கிங் ஏழு.” அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. வெப்பநிலை, நாடித்துடிப்பு சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். “ரைட்டிங் ஆறு.”

“என்னது?”

“ஆறு மிஸ்.”

“தப்பாப் பாக்கறீங்க. திரும்பப் பாருங்க.”

“நாலு தடவை பாத்துட்டேன்.”

அந்த அயர்லாந்து மருத்துவமனை காத்திருக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தோம், மதிப்பெண் மாறவில்லை. இன்னொரு தேர்வுக்கு அந்த மாதத்தில் தேதி கிடைக்கவில்லை. செப்டம்பரில் இடம் வேறு யாருக்கோ போயிற்று. சிஸ்டர் அதற்கு மேல் தேர்வு எழுதவில்லை. கொஞ்ச நாள் கழித்து நான் வைட்ஃபீல்ட் பக்கம் வேறு வேலைக்கு மாறினேன். அவர் அதே பி.ஜி.யில் இருந்தார், விடுமுறை விழுகிற நாளில் ஆம்பூர் ரயிலில் இருந்தார். ஆனால் இதெல்லாம் பிறகு. அன்றைக்கு வராந்தாவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு எனக்குக் கோபம்தான் தலைக்கேறியது. யார் மேல் என்றுகூடத் தெரியாத கோபம்.

“கட்டுரைக்கு என்ன தலைப்புக் குடுத்தாங்க?”

“வயசானவங்களை வீட்டுல வெச்சுப் பாக்கறது நல்லதா, ஹோம்ல விடறது நல்லதான்னு.”

அவருக்கென்றே செய்து வைத்ததுபோல ஒரு தலைப்பு. பதினெட்டு வருஷம் அவர் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்தவர்களைப் பற்றிய தலைப்பு. இதற்கு ஒன்பதே வாங்கியிருக்கலாம்.

“நீங்க என்ன எழுதினீங்க?”

“வீட்டுல வெச்சுப் பாக்கறதுல சில நன்மைகள் உண்டு, ஹோம்ல விடறதுலயும் சில நன்மைகள் உண்டுன்னு. கேள்வியில இருந்ததையே திருப்பித் திருப்பி எழுதினேன். அதுக்கு மேல போகலை.”

“ஏன் சிஸ்டர்? உங்க வார்டுல நடந்தது ஒண்ணே ஒண்ணு எழுதியிருக்கக் கூடாதா? ஒரு பெரியவர், ஒரு பாட்டி, யாராவது ஒருத்தர்? யோசனையே வரலையா?”

அந்தப் பக்கம் லிஃப்ட் மணி அடித்தது. யாரோ கன்னடத்தில் வழி கேட்டார்கள். சிஸ்டர் அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி போனுக்கு வந்தார்.

“வந்துச்சு மிஸ். நெறைய பேர் வந்தாங்க. ஆர்டர்ல எந்தத் தாளுன்னு நீங்க எழுதலை. நிறுத்துன்னும் எழுதலை. அதான் ஒவ்வொருத்தரா அடிச்சு அடிச்சுத் தள்ளி வெச்சேன். கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒருத்தரைக்கூட உள்ள விடலைன்னு தெரிஞ்சா நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன்.”